ஒரு கயிற்றில் தொடங்கி ஒரு மலை வரை: மெக்காய் தம்பதியரின் வழியில் பனிச்சறுக்குத் தளம் அமைப்பது எப்படி?

பனிச்சறுக்குத் தளம் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கட்டடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். எத்தனை அறைகள், எவ்வளவு முதலீடு, எந்த வங்கி என்ற கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான், அந்தச் சரிவில் ஜனவரி மாதத்தில் எவ்வளவு பனி நிற்கும் என்ற கேள்வியே எழுகிறது. கலிஃபோர்னியாவின் கிழக்கு சியரா மலைத்தொடரில் மாமத் மலைத் தளத்தை உருவாக்கிய டேவ் மெக்காய், ரோமா மெக்காய் தம்பதியர் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். முதலில் பனி, அடுத்து சறுக்க வருகிறவர்கள், அதற்கடுத்து இயந்திரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் கட்டடம் என்பதே அவர்கள் போன வழி. 1930களின் இறுதியில் ஒரு கயிற்றோடு தொடங்கிய அந்த வேலை, 2005-இல் 36.5 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. கையில் பெரிய பணமில்லாமல், பனிச்சறுக்கின் மீது தீராத பிடிப்பு மட்டும் உள்ள ஒருவர் அல்லது ஒரு தம்பதியர் அதே வரிசையில் எப்படிச் செயல்படலாம் என்பதையே இந்தக் கையேடு விளக்குகிறது.

பனியை அளந்து பாருங்கள்

டேவ் மெக்காய் 1915-இல் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர், மின்சாரத் துறையில் நீரளவையாளராக வேலை பார்த்தார். அந்த நகரம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டு செல்கிறது; கோடையில் எவ்வளவு நீர் வரும் என்பது குளிர்காலத்தில் மலைமேல் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே ஸ்கீ கட்டைகளை மாட்டிக்கொண்டு மலையேறி, குறிப்பிட்ட இடங்களில் பனியை அளந்து வருவது அவருடைய பணியின் ஒரு பகுதியாக இருந்தது. எந்தச் சரிவில் பனி தங்கும், எந்தச் சரிவில் காற்று அதை வாரிக்கொண்டு போகும் என்பதைப் பல குளிர்காலங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்ற மனிதர் அவர். பின்னாளில் பெரிய முதலீட்டாளர்கள் கண்ணில் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். பனியின் ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது, அதிலுள்ள நீரின் அளவையும் அறிய வேண்டும். இதற்கான கருவி, ஓரத்தில் பற்கள் வெட்டிய ஓர் உலோகக் குழாய். நெவாடா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிகள் கற்பித்த ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர், மவுண்ட் ரோஸ் மலையில் பனியை ஆராய்வதற்காக உருவாக்கிய கருவியிலிருந்து வளர்ந்தது இது. குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, திருகியபடி தரை தட்டும் வரை இறக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது அடி நுனியில் சிறிதளவு மண்ணோ புல்லோ ஒட்டியிருந்தால்தான் குழாய் தரையைத் தொட்டது உறுதியாகும். அந்த மண்ணைக் கத்தியால் சுரண்டி நீக்கிவிட்டு, பனியோடு சேர்த்துக் குழாயை எடை போட்டு, வெறும் குழாயின் எடையைக் கழிக்க வேண்டும். வழக்கமான குழாயின் உள்விட்டம், ஓர் அவுன்ஸ் பனி ஓர் அங்குல நீருக்குச் சமமாகும்படி 1.485 அங்குலமாக அமைக்கப்பட்டிருப்பதால், தராசில் தெரியும் எண்ணே விடையாகிவிடும். ஒரே வரிசையில் பத்து இடங்களிலாவது அளந்து சராசரி எடுங்கள். குளிர்காலம் முழுவதும் மாதத்திற்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். ஒரே ஆண்டின் கணக்கை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

அளவோடு காரணத்தையும் தேட வேண்டும். சியரா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பசிபிக்கிலிருந்து வரும் புயல்கள் மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகின்றன. ஆனால் மாமத் மலைக்கு மேற்கே, சான் வாக்கீன் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி மலைமுகடு தாழ்ந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாக நுழையும் ஈரக்காற்று நேராக மாமத் மலையில் மோதி மேலெழும்புவதால், சுற்றியுள்ள மலைகள் வெறிச்சோடிக் கிடக்கும் ஆண்டுகளிலும் இங்கே பனி குவிகிறது. நீங்கள் பார்க்கும் சரிவில் பனி அதிகம் என்றால், அது அந்த ஆண்டின் அதிர்ஷ்டமா, நிலத்தின் அமைப்பால் வருவதா என்று வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நிலத்தின் அமைப்பைத்தான் நம்பலாம். வட அரைக்கோளத்தில் வடக்கு அல்லது வடகிழக்கு நோக்கிய சரிவுகளைத் தேர்ந்தெடுங்கள். தெற்கு நோக்கிய சரிவு பகலில் உருகி இரவில் கண்ணாடிபோல் இறுகிவிடும்.

கயிறு, கப்பி, பழைய வண்டி

இழுவைக் கயிறு என்பது ஓடிக்கொண்டேயிருக்கும் ஒரு வளையக் கயிறு; அதைப் பிடித்துக்கொண்டால் சறுக்குபவரை மேலே இழுத்துச் செல்லும். டேவ் மெக்காயின் முதல் நிலையான இழுவைக் கயிறு மாமத் மலையில் அமைந்ததன்று. 395ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய மெகீ மலையில் அமைந்தது. தன்னுடைய மோட்டார் சைக்கிளை ஈடாக வைத்து 85 டாலர் கடன் பெற்று அதை அமைத்தார். ரோமா பிஷப் நகரில் வங்கியில் வேலை பார்த்தவர். தாமும் ஸ்கீ போட்டிகளில் கலந்துகொண்டவர் என்பதால், அந்தக் கடன் எதற்கு என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் 1941-இல் திருமணம் செய்துகொண்டார்கள்.

அமெரிக்காவில் முதல் இழுவைக் கயிறு 1934-இல் வெர்மான்ட் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் ஒரு மாடல் டி ஃபோர்டின் எஞ்சினால் ஓடியது. மெக்காய் கையாண்டதும் பழைய ஃபோர்டு வண்டியின் பாகங்களைத்தான். தத்துவம் எளிது. வண்டியின் பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஒரு பின்சக்கரத்தின் டயரைக் கழற்றிவிட்டு, வெறும் ரிம்மின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்ற வேண்டும். மற்றொரு பின்சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டால், இரு பின்சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைப் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பின் இயல்புப்படி கயிறு சுற்றிய சக்கரம் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் சுழலும்; அதனால் வண்டியைத் தாழ்ந்த கியரிலேயே ஓட்ட வேண்டும். மேலே உறுதியான ஒரு கம்பத்தில் பெரிய கப்பி, நடுவில் கயிறு தரையில் உரசாதபடி தாங்கும் சிறு கப்பிகள், இரு முனைகளும் முடிச்சில்லாமல் பிரியோடு பிரி கோத்துப் பின்னிய வளையக் கயிறு: இவ்வளவுதான் இயந்திரம். முடிச்சுப் போட்டால் அது கப்பியில் சிக்குவதோடு, கையுறையையும் பிய்த்துவிடும்.

இதிலுள்ள ஆபத்துகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நார்க்கயிறு ஈரத்தில் சுருங்கும், காய்ந்தால் தளரும். ஆகவே மேல் கப்பியை அசையும்படி அமைத்து, எடை கட்டித் தொங்கவிட்டு இறுக்கத்தைச் சமன்செய்ய வேண்டும். ஓடும்போது கயிறு தன்னைத்தானே முறுக்கிக்கொள்வதால், தொளதொளப்பான சட்டைக் கையையோ கழுத்துத் துணியையோ நீண்ட கூந்தலையோ சுற்றிக்கொள்ளும். எனவே மேல் கப்பிக்குச் சில மீட்டர் முன்பாக இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, யாராவது அதில் பட்டால் எஞ்சின் உடனே நிற்கும்படி செய்வது கட்டாயம். கீழே எஞ்சினருகே ஓர் ஆள் எப்போதும் நிற்க வேண்டும். இன்றைக்கு அமெரிக்காவில் இழுவைக் கயிற்றுக்கும் சேர்த்து ஏ.என்.எஸ்.ஐ. பி77.1 என்ற பாதுகாப்புத் தரநிலை உள்ளது. பழைய வண்டியைக் கொண்டு இன்று யாரும் பொதுமக்களை இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. ஆனால் மேற்சொன்னதைப் புரிந்துகொண்டவர், விற்பனைக்கு வரும் சிறு இழுவை இயந்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் தரத்தை எடைபோட்டுவிடுவார்.

இந்தக் கட்டத்தில் கயிற்றை ஒரே இடத்தில் நிலையாக நட்டுவிடாதீர்கள். மெகீ மலை சாலைக்கு அருகில் இருந்தது, ஆனால் பனி எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இல்லை. பனி எங்கிருந்ததோ அங்கே எடுத்துச் செல்லக்கூடிய கயிறுகளைப் பயன்படுத்தித்தான் மெக்காய் 1940களில் மாமத் மலையின் வடக்குச் சரிவுக்குப் போனார். சாலை பனியில் மூடியபோது, போர் முடிந்து உபரியாகக் கிடைத்த வீசல் என்ற பட்டைச்சக்கர இராணுவ வண்டிகளில் ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். அவ்வளவு சிரமப்பட்டும் வாரந்தோறும் ஆட்கள் வந்தார்கள் என்பதுதான் அந்த மலைக்கு லிஃப்ட், அதாவது ஆட்களை உட்காரவைத்து மேலே கொண்டுபோகும் கம்பிவட ஊர்தி, தேவை என்பதற்குக் கிடைத்த நம்பகமான சந்தை ஆய்வு. காசு கொடுத்து எழுதி வாங்கும் எந்த அறிக்கையையும்விட இதைத்தான் நான் நம்புவேன்.

நிலம் யாருடையது, அனுமதி யாருடையது

மாமத் மலை இன்யோ தேசிய வனத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அது எப்போதும் மெக்காய்க்குச் சொந்தமாக இருந்ததில்லை. 1953-இல் வனத்துறை அந்த மலையைப் பனிச்சறுக்குத் தளமாக வளர்க்க யார் முன்வருவார்கள் என்று பார்த்தபோது, மலை மிக உயரம், காற்று அதிகம், நகரத்திலிருந்து வெகு தூரம் என்று பணமுள்ளவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அனுமதி மெக்காய்க்குக் கிடைத்தது. அதுவரை அந்தச் சரிவில் கயிறு போட்டு, ஆட்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கிக் காட்டியிருந்ததே அவருடைய தகுதிச் சான்று.

அமெரிக்க தேசிய வனங்களில் தளம் அமைப்பவர்கள் சட்டத்தை நன்கு படித்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் கட்டடங்கள் நிற்கும் 80 ஏக்கர் வரையான நிலத்திற்கு 30 ஆண்டு அனுமதியும், சறுக்குச் சரிவுகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தனி அனுமதியும் தரப்பட்டன. லிஃப்டுக்குக் கடன் கேட்டால், அடுத்த ஆண்டு சரிவே கையில் இருக்குமா என்று வங்கி கேட்கும் நிலை அது. 1986-இல் வந்த தனிச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கி, 40 ஆண்டு வரை அனுமதி வழங்க வகைசெய்தது. 1996 முதல் வருமானத்தில் 1.5 முதல் 4 சதவீதம் வரை படிநிலையாகக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. வேறு நாடுகளில் விதிகள் வேறாக இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. அனுமதி எத்தனை ஆண்டுக்கு, சரிவுக்கும் கட்டடத்திற்கும் ஒரே அனுமதியா, விற்றால் அனுமதி வாங்குபவருக்குத் தானாகப் போகுமா, மரம் வெட்டுவதற்குத் தனி ஒப்புதல் வேண்டுமா, கைவிட்டால் கம்பங்களை அகற்றும் செலவு யாருடையது? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கும் வரை ஒரு கம்பிகூட வாங்காதீர்கள்.

முதல் லிஃப்ட்

அனுமதி கிடைத்த பிறகும் அவர்கள் கட்டியது குளிர்காய்வதற்கான ஒரு சிறு குடில் மட்டுமே. 1955-இன் நவம்பர் இறுதியில், நன்றி நவிலல் நாள் விடுமுறையையொட்டி, இருவர் அமரும் முதல் நாற்காலி லிஃப்ட் ஓடத் தொடங்கியது. நாற்காலி லிஃப்ட் என்பது 1936-இல் ஐடாஹோ மாநிலத்தின் சன் வேலியில், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் தொங்கு இயந்திரத்தைப் பார்த்து ஜேம்ஸ் கரன் என்ற பொறியாளர் வடிவமைத்தது. இழுவைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கக் கை வலு வேண்டும்; நாற்காலியில் குழந்தையும் பாட்டியும் உட்காரலாம். ஒரு தளத்தின் வருமானம் திறமையான சறுக்கர்களிடமிருந்து பெருகுவதில்லை, புதிதாகக் கற்க வருகிறவர்களிடமிருந்தே பெருகுகிறது என்பதால், இந்த வேறுபாடு அடிப்படையானது.

முதல் லிஃப்டை எங்கே போடுவது? மலையுச்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். மாமத் மலையின் உச்சி 11,053 அடி. மேல்பகுதி மரமே இல்லாத திறந்தவெளி. புயல் நாளில் அங்கே வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, எது மேடு எது பள்ளம் என்று தெரியாது. காற்று கூடினால் லிஃப்டை நிறுத்தியே ஆக வேண்டும். மரங்களுக்கிடையிலான கீழ்ச்சரிவு, மோசமான நாளிலும் ஓடும். மெக்காய் தம்பதியரின் தளம் கோண்டோலா என்ற மூடிய தொங்குபெட்டி ஊர்தி மூலம் உச்சியைத் தொட்டது 1967-இல்தான், அதாவது முதல் லிஃப்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. தொடக்கநிலைச் சரிவுகளைச் சுமார் 25 சதவீதச் சாய்வுக்குள், அதாவது நூறு அடி தூரத்துக்கு இருபத்தைந்து அடி இறக்கத்துக்குள் அமைத்துக்கொள்ளுங்கள். நடுநிலைச் சரிவுகள் 40 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேலுள்ளவை பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும், ஆனால் பயணச்சீட்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே வரமாட்டார்கள்.

அடிவாரமே சுமார் 9,000 அடியில் இருப்பதால், கடல் மட்டத்தில் வாழும் லாஸ் ஏஞ்சலிஸ்காரர் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்ததும் தலைவலியோடு இறங்குவது வழக்கம். வாடிக்கையாளர்கள் தாழ்நிலத்திலிருந்து வருகிறார்கள் என்றால், முதல் நாளில் தண்ணீர் அதிகம் குடிக்கவும் நிதானமாகச் சறுக்கவும் அறிவுறுத்தும் ஒரு பலகை, விளம்பரப் பலகையைவிட அதிகமாக உதவும்.

பாதுகாப்பும் பயிற்சியும்

பனி மொத்தமாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைக்குள் உள்ள சாய்வுகளில்தான் தொடங்குகின்றன. சறுக்குவதற்குச் சுவையான சாய்வும் அதுவே என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் தளம் திறப்பதற்கு முன்பே, பயிற்சி பெற்ற குழு வெடிவைத்து நிலையற்ற பனியை இறக்கிவிட வேண்டும். இதை நீங்களே கற்றுக்கொள்ள முயலாமல், சரிவுகளைக் கண்காணித்து மீட்புப் பணியும் செய்யும் அனுபவமுள்ள ஸ்கீ காவல் குழுவினரை வேலைக்கு எடுங்கள். அமெரிக்காவில் தேசிய ஸ்கீ காவல் அமைப்பு 1938-இலிருந்து இயங்கிவருகிறது. காயமடைந்தவரைச் சறுக்குப் படுக்கையில் கட்டி இறக்குவதிலிருந்து எல்லாவற்றுக்கும் அதன் பயிற்சி முறைகள் உண்டு. மாமத் மலை எரிமலை என்பதால் அங்கே வேறோர் ஆபத்தும் இருக்கிறது. வாயு வெளியேறும் துளைகளின் மேல் பனி மெல்லிய கூரையாக நின்றுவிடும். 2006 ஏப்ரலில் அத்தகைய துளை ஒன்றைச் சுற்றி வேலி சரிசெய்துகொண்டிருந்தபோது மூன்று காவலர்கள் உயிரிழந்தார்கள். நிலவியல் வல்லுநர் ஒருவரைக் கோடையிலேயே அழைத்து மலையைச் சுற்றிக் காட்டுவது வீண் செலவன்று.

போட்டிக்காரர்களைப் பயிற்றுவிப்பது தனி உழைப்பு. 1942-இல் ஒரு பந்தயத்தில் டேவ் மெக்காயின் கால் கடுமையாக முறிந்தது. அதன் பிறகு அவருடைய கவனம் இளையவர்களைப் பயிற்றுவிப்பதில் திரும்பியது. அவரிடம் பயின்ற பிஷப் நகரைச் சேர்ந்த ஜில் கின்மாண்ட், 1955 ஜனவரியில் யூட்டா மாநிலத்தில் நடந்த பந்தயத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பிறகு ஆசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். மெக்காய் தம்பதியரின் ஆறு பிள்ளைகளும் அந்த மலையிலேயே வளர்ந்தவர்கள். மகள் பென்னி 1966-இல் சிலியின் போர்ட்டிலோவில் நடந்த உலகப் போட்டியில், பதினாறு வயதில், கொடிக்கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கும் ஸ்லாலம் பிரிவில் வெண்கலம் வென்றார். பயிற்சி அணி ஒன்றை நடத்துவதால் நேரடி வருமானம் கிடையாது. ஆனால் விடியற்காலையில் சரிவை மிதித்துச் சமன்செய்யவும், கொடிக்கம்பு நடவும், சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆர்வமுள்ள ஆட்கள் அந்த அணியிலிருந்தே கிடைப்பார்கள். பந்தயத் தடத்தின் இருபுறமும் மரங்கள் இருக்கும் இடங்களில் வலை கட்டாமல் எந்தப் பந்தயத்தையும் நடத்தாதீர்கள்.

பனி வராத ஆண்டு

எவ்வளவு நல்ல மலையானாலும் பொய்க்கும் ஆண்டு வரும். 1976-77 குளிர்காலத்தில் கலிஃபோர்னியா முழுவதும் வறண்டது. 1980 மே மாதத்தில் மூன்று நாள்களுக்குள் ரிக்டர் 6 அளவிலான நான்கு நிலநடுக்கங்கள் மாமத் பகுதியை உலுக்கின. 1982-இல் அரசின் நிலவியல் துறை எரிமலை எச்சரிக்கை வெளியிட்டதும் ஊரின் வீட்டு விலையும் வியாபாரமும் படுத்தன. ஊரிலிருந்து வெளியேற இரண்டாவது சாலை போடப்பட்டது அதற்குப் பிறகுதான். இத்தனையையும் அந்தத் தளம் தாங்கியதற்கு, ஒவ்வொரு லிஃப்டையும் பெரும்பாலும் முந்தைய லிஃப்டின் வருமானத்தைக் கொண்டு போட்டதும், பழுதுபார்ப்பையும் வெல்டிங்கையும் தங்கள் பட்டறையிலேயே செய்துகொண்டதும் முக்கியக் காரணங்கள் என்பது என் கணிப்பு. பனியே இல்லாமல் ஒரு முழு ஆண்டின் சம்பளத்தையும் கடன் தவணையையும் கொடுக்கும் கையிருப்பு இல்லாத வரை, அடுத்த லிஃப்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். செயற்கைப் பனி உதவும். ஆனால் அதற்கு நீர் உரிமையும், ஈரத்தோடு கணக்கிட்ட வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 2 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இரவுகளும் தேவை.

தம்பதியராக இறங்குகிறவர்களுக்கு ஒரு சொல். இருவரும் ஒரே வேலையைச் செய்யாதீர்கள். எஞ்சினை ஒருவர் பார்த்தால் பணப்பெட்டியை மற்றவர் பார்க்க வேண்டும். செலவுக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் பணப்பெட்டிக்காரரிடம் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இருவரும் வாடிக்கையாளரைப் போல வரிசையில் நின்று, லிஃப்டில் ஏறி, சறுக்கி இறங்குங்கள். எந்த இடத்தில் கூட்டம் முட்டுகிறது, எந்த வளைவில் பனி தேய்ந்து கல் தெரிகிறது என்பதெல்லாம் அலுவலக அறையில் தெரியாது.

கைமாற்றும் காலம்

பிள்ளைகள் ஆறு பேர் இருந்தும், அந்தத் தளம் கடைசியில் குடும்பத்திற்கு வெளியேதான் போனது. 1986-இல் அருகிலுள்ள ஜூன் மலைத் தளத்தையும் வாங்கிய மெக்காய், 1990களில் இன்ட்ராவெஸ்ட் நிறுவனத்தைப் பங்குதாரராகச் சேர்த்தார். 2005-இல், தம் தொண்ணூறாவது வயதில், பெரும்பான்மைப் பங்கு ஸ்டார்வுட் கேபிடல் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அதன் பிறகும் பிஷப் பகுதியிலேயே வாழ்ந்து, 2020 பிப்ரவரியில் 104 வயதில் காலமானார். நீங்கள் இந்த முடிவைத் தொண்ணூறு வயது வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. தளம் தொடங்கிப் பத்தாண்டுகளுக்குள், நில அனுமதி யார் பெயருக்கு மாறலாம், ஊழியர்களின் குடியிருப்பு புதிய உரிமையாளரின் கீழ் என்னவாகும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான பயிற்சிச் சலுகை தொடருமா என்ற மூன்றையும் ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். விற்கும் பேச்சு தொடங்கிய பிறகு இவற்றைக் கேட்டால், ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும் நிபந்தனையாகவே பார்க்கப்படும்.